மன்னார்க் கரையின் அண்மைக்காலச் சுவடுகள்

தொல்பொருளாராய்ச்சி என்றவுடன் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன மிகப் பழைய காலத்துக் கோயில்களும் காசுகளும் கல்வெட்டுகளுமே. மன்னார்ப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் திருக்கேதீச்சரத்தையும் மாதோட்டத்தையும் பற்றியே அறிஞர் பலரும் பேசுவர். 1980களில் மாந்தையில் நடைபெற்ற அகழ்வுகளிற் சீனத்திலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த மட்கலங்கள் கிடைத்தமை அத்துறைமுகத்தின் பெருமையை உலகறியச் செய்தது. அப்பெருமை போற்றத்தக்கதே. ஆயினும் மாதோட்டத்தோடு மன்னாரின் வரலாறு முடிந்துவிடவில்லை. அதற்குப் பின்வந்த நானூற்றைம்பது ஆண்டுகளும் இக்கரையிலே தம் சுவடுகளைப் பதித்துச் சென்றுள்ளன. அவை நிலத்தைத் தோண்டாமலே காணக்கூடியவை. அதனாலேயே பெரும்பாலும் கவனிக்கப்படாதவை.

இத்தகைய சுவடுகளை ஆராயும் துறைக்குக் கைத்தொழில் தொல்லியல் என்று பெயர். பழைய ஆலைகள், பாலங்கள், புகையிரதப் பாதைகள், துறைமுகங்கள், சுரங்கங்கள் முதலியன இதன் ஆராய்ச்சிப் பொருள்கள். 1950களில் இங்கிலாந்தில் இத்துறை பெயர் பெற்று வளரத் தொடங்கியது. செவேண் ஆற்றின்மேல் 1779 இல் அமைக்கப்பட்ட இரும்புப் பாலம் இன்று உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. அரசர் எங்கே வாழ்ந்தனர் என்பதைக் காட்டிலும், மக்கள் எவ்வாறு உழைத்தனர் என்பதையே இத்துறை முதன்மையாக வினாவுகிறது. அவ்வினாவோடு மன்னார்க் கரையை நோக்கினால் அது வேறொரு காட்சியைத் தருகிறது.

முதலிற் கண்ணிற்படுவது மன்னார்க் கோட்டை. போர்த்துக்கேயர் 1560 இல் இதனைக் கட்டினர். 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர்த் திருத்தியமைத்தனர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. நான்கு கொத்தளங்களும் அகழியும் கொண்ட அக்கோட்டை தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள ஆழமற்ற கடலைக் காவல் செய்தது. மூன்று அயலரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வறண்ட தீவின்மேல் நாட்டம் கொண்டமைக்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று கடல்வழி, மற்றொன்று முத்து.

மன்னார்ப் பட்டினத்துக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் உள்ளன. சிலாபம் என்னும் சொல் முத்துக்குளித்தலைக் குறிப்பது. சிலாவத்துறை என்னும் ஊர்ப்பெயரே ஒரு வரலாற்றுச் சான்றாகும். முத்துக்குளிப்பு நடக்கும் ஆண்டுகளில் வெறுங்கடற்கரையிலே சில வாரங்களுக்கு ஒரு நகரம் எழும். தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிகாரர் வருவர். சுறாமீனின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட கடற்கட்டிகள் மந்திரம் ஓதுவர். தோணிகள் நள்ளிரவுக்குப்பின் தரைக்காற்றிற் சென்று, பிற்பகலிற் கடற்காற்றிலே திரும்பும். ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்பகுதியில் கொண்டுவந்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே குளிகாரருக்கு உரியது. எஞ்சிய இரு பங்கும் அரசுக்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஏலம் போகும். பருவம் முடிந்ததும் ஓலைக் கொட்டகைகள் பிரிக்கப்படும், நகரம் மறையும்.

அந்நகரத்திலிருந்து எஞ்சியது யாது? சிப்பி ஓடுகளே. பல தலைமுறைகளாகக் குவிந்த ஓடுகள் அக்கரையில் மேடாகப் படிந்திருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழி சென்றோர் எழுதிவைத்துள்ளனர். ஆயிரக்கணக்கான குளிகாரரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் மூச்சடக்கி உழைத்த உழைப்புக்கு அந்த ஓடுகளே சாட்சி.

அதே கரையில் வேறொரு சின்னமும் உண்டு. ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும்பொருட்டு அரிப்பிலே ஒரு மாளிகை எழுப்பினார். 1801 இல் தொடங்கி 1804 இல் முடிந்த அம்மாளிகை, கிரேக்கரின் டோரிக் முறையைத் தழுவிய தூண்களை உடையதாகையால் ‘டோரிக்’ என்றே வழங்கலாயிற்று. செங்கல்லாற் கட்டப்பட்ட அதன் சுவர்களுக்குச் சிப்பி ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணாம்பாற் பூச்சிட்டனர். அப்பூச்சு பளிங்குபோல் மின்னியதாக, அக்காலத்தில் இலங்கையில் வாழ்ந்த ஜேம்ஸ் கோடினர் என்னும் பாதிரியார் 1807 இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். குளிகாரர் கடலடியிலிருந்து கொணர்ந்த சிப்பியே தேசாதிபதியின் மாளிகைக்கு வெண்மையும் தந்தது.

முத்தின் செல்வம் நிலைக்கவில்லை. 1906 இல் ஒரு தனியார் நிறுவனம் முத்துப்பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907 க்குப்பின் சிப்பி அருகிப்போகவே அம்முயற்சி முறிந்தது. ஜப்பானியர் வளர்த்தெடுத்த செயற்கை முறை முத்துகளும் சந்தைக்கு வந்தன. டோரிக் மாளிகை பாழடைந்தது. கடல் கரையை அரித்து அதன் அடிவாரத்தை அணுக, சுவர்கள் பகுதி பகுதியாகச் சரிந்து வருகின்றன.

முத்துக்கு அடுத்தபடியாக மன்னார் கண்டது மனிதரின் போக்குவரத்தை. மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய 1830களிலிருந்து, தமிழகத்துத் தொழிலாளர் தோணிகளில் வந்து இக்கரையில் இறங்கினர். இங்கிருந்து மாத்தளை நோக்கி ஏறத்தாழ 150 மைல் தூரம் காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே மாய்த்தன. அவர்களுக்கெனப் பிற்காலத்திற் கிணறுகளும் தங்குமிடங்களும் மருத்துவ நிலையங்களும் அமைக்கப்பட்டன. அவ்வழியில் மாண்டவருக்கு எழுதப்பட்ட கல் இல்லை.

1914 இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டன. தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடின. சென்னையிற் பயணச்சீட்டு வாங்கியவர் அதனைக் கொண்டே கொழும்பு வந்து சேரலாம். 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் தனுக்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. அதே 1964 ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதன்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் பெருந்தொகையாகத் தலைமன்னார் இறங்குதுறையிலேயே கப்பலேறினர். பாட்டனார் நாடி வந்த கரையிலிருந்தே பேரன் நாட்டைவிட்டுப் போனான். 1984 இற் கப்பற் போக்குவரத்தும் நின்றது. இன்று அவ்விறங்குதுறையின் துருவேறிய இரும்புத் தூண்கள் கடலுள் நிற்கின்றன. அவை வெறும் இரும்பல்ல. இலட்சக்கணக்கான குடும்பங்களின் பிரிவுக்குச் சான்றுகள்.

போர் இந்நிலத்தை மேலும் மாற்றியது. 1990 இற் புகையிரதம் நின்றது. தீவை இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலிப் பகுதியில் அவர்கள் வாழ்ந்த ஊர்களைக் காடு மூடியது. போரினாற் பல தமிழ்க் கிராமங்களும் வெறுமையாயின. 2010 இற் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. கனியமணல் அகழ்வு பற்றிய திட்டங்களும் அவற்றுக்கு மக்கள் தெரிவிக்கும் எதிர்ப்பும் இன்றைய செய்திகள். மணலாலான இத்தீவில் ஒவ்வொரு புதுமுயற்சியும் பழைய சுவடு ஒன்றின்மேலேயே கால்வைக்கிறது.

இங்கே ஒரு சட்டப் பொருளையும் அறிதல் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை நாளாகிய 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாகக் கொண்டது. அந்நாளுக்கு முற்பட்ட கோட்டையும் டோரிக்கும் பண்டைச் சின்னங்கள் என்னும் வரையறைக்குள் அடங்கும். அதற்குப் பிற்பட்ட இறங்குதுறையும் பழைய நிலையங்களும் தொழிலாளர் நடந்த வழியும் அவ்வாறு தாமாகவே அடங்கா. அரசு தனியே அறிவித்தால் மட்டுமே காவல் பெறும். ஆளவந்தோரின் மாளிகைக்குக் கிடைக்கும் தகுதி உழைக்க வந்தோரின் துறைக்குக் கிடைப்பதில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கட்டடத்தை அளந்து வரைந்து படம் பிடித்தல், கிணற்றின் இடத்தைக் குறித்தல், ஊர்ப்பெயரின் காரணத்தைக் கேட்டறிதல், கப்பலிற் பயணம் செய்த முதியோரின் நினைவை எழுதுதல் ஆகியன பெரும்பொருள் வேண்டாத பணிகள். பாடசாலை மாணவரும் கிராமச் சங்கத்தினரும் அவற்றைச் செய்யலாம். மண்ணுள் மறைந்ததைப் பிற்காலத்தார் தோண்டியெடுப்பர். கடல் கொண்டுபோன சுவரையும், முதியோருடன் மறைந்த நினைவையும் எவரும் மீட்க முடியாது. டோரிக்கின் எஞ்சிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. தலைமன்னாரிற் கப்பலேறியோருட் சிலர் இன்னும் இருக்கின்றனர். எழுதுவதற்கு உரிய காலம் இதுவே.