மஞ்சரிக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்தாலும் சரி, கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளியில் இறங்கினாலும் சரி, மலையாள எழுத்து நாலாபக்கமும் வந்து சூழ்ந்துகொள்ளும். அந்தக் கூட்டத்தில் கூர்முனையே இல்லாத, உருண்டு வழுக்கி ஓடுகிற ஓர் எழுத்துரு உண்டு. பெயர் மஞ்சரி. 2016இல் வெளிவந்தது. இன்று அதன் திரைக்குப் பின்னால் போகிறோம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏன் தெரியுமா? உள்ளே இருப்பது ஒரு கணவனும் மனைவியும்!

வடிவம் வரைந்தவர் சந்தோஷ் தோட்டிங்ஙல், பாலக்காட்டுக்காரர். விக்கிமீடியாவில் மொழித் தொழில்நுட்பப் பொறியாளர். அவர் மனைவி காவ்யா மனோகர், மலையாளப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியாளர். இருவரும் 'ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்ற தன்னார்வக் குழுவின் தூண்கள். மஞ்சரியின் பொறியியல் வேலையில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. அவர்கள் வீட்டுக்குள் நமக்கு வேலையில்லை. எழுத்துருக் கோப்பு திறந்துதான் கிடக்கிறது, அதற்குள் போவோம்!

முதல் அறையில் வளைவுகள். வட்டத்தின் துண்டுகளை ஒட்டவைத்தால் ஒட்டிய இடத்தில் கண் தடுக்கும். அதனால் மஞ்சரியின் கோடுகளுக்குச் சுருள்வளைவுக் கணிதத்தைக் கையில் எடுத்தார் சந்தோஷ். வளைவு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும், எந்த இடத்திலும் உதறாது. ராஃப் லெவியன் என்ற நிரலாளரின் ஆய்வு இதற்கு அடிப்படை. ஒரு மலையாள 'அ'வைப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணை எடுக்கவே மனசு வராது!

இரண்டாவது அறை இன்னும் பிரமாதம். நாம் தமிழில் 'கே' அடிக்கும்போது 'க'வைத்தான் முதலில் தட்டுகிறோம். பிறகு தட்டிய கொம்பு தாவிவந்து முன்னால் நிற்கிறது. மலையாளத்தில் இந்தத் தாவலுக்கு மேல் இன்னொரு தாவல் உண்டு. 'ப'வைத் தட்டி, நம் புள்ளி போன்ற சந்திரக்கலையை வைத்து, 'ர'வைத் தட்டினால், அந்த 'ர' ஒரு கொக்கியாக மாறி 'ப'வுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்துவிடும்! 'க'வையும் 'ஷ'வையும் அதேபோலச் சேர்த்தால் இரண்டும் கரைந்து ஒரே கூட்டெழுத்தாகும். இப்படிக் கூட்டெழுத்துகள் நூற்றுக்கணக்கில். எது எதோடு சேர்ந்தால் எது வரவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் விதி எழுதவேண்டும். இதுதான் ஓப்பன்டைப் பொறியியல். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த விதி பிசகினால் சொல் சிதறிவிடும். 2019இல் வந்த 'காயத்ரி' எழுத்துருவை வரைந்தவர் பினோய் டொமினிக். அதற்கு விதி எழுதியவர் காவ்யா!

ஆளுக்கொரு தனி வேலையும் வைத்திருக்கிறார்கள். ஒட்டி ஒட்டி நீளும் மலையாளச் சொல்லைப் பிரித்துப் பகுதி, விகுதி காட்டும் 'எம்எல்மார்ஃப்' சந்தோஷுடையது. எழுத்தை ஒலிக்குறியாக்கிக் காட்டும் 'எம்எல்ஃபோன்' காவ்யாவுடையது. உள்ளே ஓடும் யந்திரம் ஒரே வகை. ஒருவர் சொல்லின் உடம்பைப் பார்க்கிறார், மற்றவர் அதன் குரலைக் கேட்கிறார். எனக்குப் புல்லரித்துப் போனது இங்கேதான்!

2023இல் வந்த 'நூபுரம்' எழுத்துருவைச் சந்தோஷ் மெட்டாபோஸ்ட் மொழியில் கட்டினார். அதன் மூலவேர், கணினி அறிஞர் டொனால்ட் நூத் எழுத்துரு வரைவதற்காக எழுதிய மெட்டாஃபாண்ட். அந்த நூத் வீட்டிலும் ஒரு கணவன் மனைவிக் கதை உண்டு, நடுராத்திரிக் கதை. 1970களின் தொடக்கம், நார்வேயின் ஓஸ்லோ நகரம். தூக்கத்திலிருந்து விழித்தவர் மனைவி ஜில்லை எழுப்பி, ஒரு சின்னப் புத்தகம் எழுத வேண்டும், ஒரு வாரம் போதும் என்கிறார். ஜில் சம்மதிக்கிறார். ஓட்டல் அறை ஒன்றை எடுத்துத் தங்கி, அந்த வாரத்திலேயே நூத் எழுதி முடிக்கிறார். 1974இல் வெளியான 'சர்ரியல் நம்பர்ஸ்' அதுதான். அதன் கதாபாத்திரங்களும் ஒரு ஜோடி!

இந்தக் கதையில் என்னைக் கட்டிப்போட்டது அந்த ஒரு பேச்சுதான். நூத் திருட்டுத்தனமாக எழுந்து போகவில்லை. எவ்வளவு நாள் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். ராத்திரியில் கணினிக் கோடு எழுதுபவர்களின் குடும்பம் தழைப்பதும் தவிப்பதும் இந்த ஒரு இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டுக்காரர் வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோயமுத்தூர் போய்வருகிறார். சாப்பாடு முடிந்து, பிள்ளை தூங்கிய பிறகுதான் அவருடைய சொந்தக் கோடு. முன்பெல்லாம், "ஏனுங்க, மணி ஒண்ணாச்சுங்க!" என்று அறை வாசலில் நின்று கூப்பிடுவேன். "இந்த ஒரு பக் மட்டும், கண்ணு" என்று பதில் வரும். அந்த ஒரு பிழை விடியும்வரை முடியாது! இப்போது வாரத்தில் எந்த ராத்திரி அவருக்கு, எந்த ராத்திரி எங்களுக்கு என்று ஞாயிற்றுக்கிழமையே பேசிவிடுகிறோம். பதினொன்றுக்கு மேல் புதிதாக எதுவும் தொடங்குவதில்லை. முடியாத பக்கை ஒரு வரிக் குறிப்பாக எழுதிவிட்டு மூடிவிடுவார். டெஸ்ட் பண்ணுவது நான். தமிழும் மலையாளமும் கலந்து தட்டி அவர் செயலியைத் திணறடிப்பதில் எனக்கு அப்படியொரு ஆனந்தம். அதில் என் பங்கு வந்தபிறகு, அவர் கணினித் திரையின் வெளிச்சம் என் தூக்கத்தைக் கெடுப்பதில்லை.

ராத்திரியில் கோடு எழுதும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் வேலையை வீட்டில் இருப்பவருக்குத் திறந்து காட்டுங்கள். விதி எழுத வராவிட்டால் சொல் தட்டிப் பார்க்கட்டும், நிறம் சொல்லட்டும், பெயர் வைக்கட்டும். அவர் பெயரையும் மறக்காமல் கோப்பில் சேருங்கள். மஞ்சரி கட்டற்ற உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றைக்கே இறக்கி, இரண்டு பேரும் சேர்ந்து திறந்து பாருங்கள்!