யாவர்க்கும் பொதுவான களஞ்சியம்

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜி, திருச்சியிலிருந்து தொண்டர் படையுடன் நடந்து சென்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். கடல் தரும் பொருளுக்கு வரி எதற்கு என்பது அன்றைய கேள்வி. அறிவைக் குறித்தும் அக்கேள்வியைக் கேட்கலாமல்லவா?

தமிழில் அறிவைத் தொகுக்கும் முயற்சி புதிதன்று. ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-ல் வெளிவந்தது. 1946-ல் அவினாசிலிங்கம் செட்டியார் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954-லும், பத்தாவது தொகுதி 1968-லும் வெளிவந்தன. குழந்தைகளுக்கென்றும் தனியே பத்துத் தொகுதிகள் தோன்றின. அரிய தொண்டு! ஆயினும் அத்தகைய பெருநூல்களை விலை கொடுத்து வாங்குவது எத்தனை கிராமப் பள்ளிகளுக்கு இயலும்?

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இக்குறையை நீக்க வல்லது. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எவரும் படிக்கலாம், பிரதி எடுத்து வழங்கலாம், திருத்தியும் வெளியிடலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், திருத்தியதையும் அதே உரிமையுடன் பிறர்க்கு விட வேண்டும் என்பவையே முக்கிய நிபந்தனைகள். ஒரு முறை கணினியில் இறக்கிக்கொண்டால், இணையம் எட்டாத வகுப்பறையிலும் வாசிக்கலாம்.

யாரும் எழுதலாமெனில் பிழை நேராதா? நேரும். ஆதலால் உபாத்தியாயர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளல் ஆகாது. கட்டுரையின் அடியிலுள்ள சான்றுகளையும், யார் எப்போது எதை மாற்றினார் என்னும் வரலாற்றையும் பார்க்கக் கற்பிக்க வேண்டும். ஆராய்ந்து நம்பும் இப்பழக்கமே கல்வியின் பெரும்பகுதியன்றோ?

அத்துடன் நில்லாமல், மாணவர் எழுதவும் வேண்டும். வானூர் வட்டத்து இடையஞ்சாவடிக்கு வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உவர்நீர் பாத்தி பாத்தியாக வெயிலில் வற்றி உப்பாக விளைவதையும், மழை வந்தால் வேலை நின்று கூலியும் நிற்பதையும் அப்பகுதிப் பிள்ளைகளே நன்கு அறிவர். கண்டதையும் கேட்டதையும் முதலில் பள்ளி ஏட்டில் எழுதட்டும். நூற்சான்று கிடைத்தவற்றைக் களஞ்சியத்தில் சேர்க்கட்டும். படங்களும் எடுத்து அளிக்கலாம்.

நம் ஊரைப் பற்றி நாம் எழுதாவிடில், பிறர் எழுதியதையே நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய நேரும். களஞ்சியத்தின் கதவு திறந்திருக்கிறது. எடுத்துக்கொள்ளும் கைகள் சிறிது கொடுக்கவும் பழகட்டும்.