பெட்டியில் 500 வாட், லேபிளில் 216

முல்லைத்தீவு நாயாற்றில் இருந்துகொண்டு கணினிப் பாகம் வாங்குவதென்றால், பொருளைக் கண்ணால் காணாமல் காசு கட்டுவதாகத்தான் முடியும். வவுனியாவிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ விலை கேட்டு, வட்ஸ்அப்பில் பேசி, பார்சலில் எடுப்பிக்க வேண்டும். கிராபிக்ஸ் காட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற பிள்ளைகள், அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை என்றதும் "காசிங்கோட வந்தது கிடக்குத்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். வினை தொடங்குவது அங்கேதான்.

அந்தப் பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபிளைப் படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் 500 வாட் என்றிருக்கும். கீழே பொடி எழுத்தில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் ஒவ்வொன்றிலும் எத்தனை அம்பியர் என்று ஓர் அட்டவணை இருக்கும். கிராபிக்ஸ் காட்டும் புரொசஸரும் இழுப்பது பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான். அதில் 18 அம்பியர் என்று போட்டிருந்தால் 12ஆல் பெருக்குங்கள்: 216 வாட். உங்களுக்குப் பயன்படுவது அவ்வளவுதான். 12 வோல்ட் இரண்டு நிரலாக இருந்தால் இரண்டையும் கூட்டிவிட வேண்டாம். மொத்தம் இவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். அட்டவணையே இல்லாவிட்டால் அதை வாங்காதீர்கள்.

இனித் தேவையைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 காட்டுக்கு 170 வாட். புரொசஸருக்கு 65 முதல் 100 வரை, மற்றவற்றுக்கு ஒரு 50 என்று வைத்தால் 300ஐத் தொடும். என்விடியா 550 வாட் பவர் சப்ளை போடச் சொல்வதை வியாபாரத் தந்திரம் என்று தள்ள வேண்டாம். காட் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தன் அளவைத் தாண்டி இழுத்துவிட்டு அடங்கும். அதைத் தாங்காத பவர் சப்ளை, கேம் நடுவில் கணினியை அணைத்துவிடும். பவர் சப்ளைகளுக்கென 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இந்தத் துள்ளலைக் கணக்கில் எடுத்தே எழுதப்பட்டது. '80 பிளஸ்' முத்திரையைத் தரச் சான்றாக நினைப்பவர்கள் பலர். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

வயரிலும் கவனம் வேண்டும். மதர்போர்டின் சிலொட் 75 வாட் தரும். 6 பின் வயர் 75, 8 பின் வயர் 150. 8 பின் இல்லையென்று ஹாட்டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரில் மாற்றி ஒன்றைக் கொளுவுகிறார்கள். அந்த சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். அதில் 150ஐ இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். ஒரு கம்பனியின் கழற்றிப் பூட்டும் வயரை இன்னொரு கம்பனிப் பவர் சப்ளையில் பூட்டவும் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி ஒழுங்கு வேறாக இருந்தால் ஹாட்டிஸ்க் போய்விடும். பாவித்த அலுவலகக் கணினிகளில் வேறு சிக்கல்: டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020க்குச் சாதாரணப் பவர் சப்ளை நேரடியாகப் பொருந்தாது. அதற்கு 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போல, 70 வாட்டில் தனி வயர் இல்லாமல் ஓடும் காட் போதும்.

பெரிய பெயர் இருந்தால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. கிராபிக்ஸ் காட்டுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அமெரிக்காவின் நியூஎக் கடை, காட்டோடு சேர்த்து விற்ற கிகாபைட் பி750ஜிஎம், பி850ஜிஎம் பவர் சப்ளைகள் சோதனையில் வெடித்தன. 2021 ஓகஸ்டில் கிகாபைட் அவற்றை மாற்றித்தர முன்வந்தது. இங்கே 2021இல் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, "இதையும் வாங்கினால்தான் அது" என்ற விற்பனை சட்டவிரோதம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். கணினிக் கடைக்கும் அதே சட்டம்தான்.

நம் கரையோரத்தில் உப்புக் காற்றும் சேர்கிறது. பவர் சப்ளையின் காற்றாடி அதை உள்ளே இழுக்க, முனைகளில் களிம்பு பிடிக்கும். ஆகவே பாவித்த காட் வாங்கினாலும் பாவித்த பவர் சப்ளை வாங்காதீர்கள். ஏர்த் இல்லாத சொக்கற்றில் கொளுவாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு சுவிச்சை அணைத்தால் போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். 650 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். கேம் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்தே நிற்கக்கூடும்.

காசு கட்டுமுன், "இந்தக் காட், இந்தப் புரொசஸர், இதற்கு இந்தப் பவர் சப்ளை காணுமா?" என்று எழுத்தில் கேளுங்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும். வட்ஸ்அப் பதிலை அழிக்காதீர்கள். பில்லில் மொடல் பெயரையும் வாரண்டிக் காலத்தையும் எழுதுவியுங்கள். வெறுமனே 'பவர் சப்ளை 1' என்ற பில் பின்னர் எதையும் நிரூபிக்காது. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள்.

கடை கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம், முல்லைத்தீவு மாவட்டச் செயலகத்தில் விசாரிக்கலாம். விசாரித்து நட்டஈடு, மாற்றுப் பொருள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அந்தச் சபைக்கு உண்டு. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். முறைப்பாடு எழுத்தில், வாங்கிய 3 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.