கத்தி வைப்பதற்கு முன் ஓர் ஊசி

நோயாளியைத் தியேட்டர் மேசையில் படுக்கவைத்ததும், மயக்க மருந்து டாக்டர் சின்னக் குப்பியிலுள்ள வெள்ளைத் தூளைக் கரைத்து நரம்பில் ஏற்றுகிறார். பெரும்பாலும் அது செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக். பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம். நோயாளிக்குக் காய்ச்சலும் இல்லை, சீழும் இல்லை. இன்னும் வராத தொற்றுக்கு எதற்கு ஆன்டிபயாடிக்?

தோலை எவ்வளவு துடைத்தாலும் மயிர்க்கால்களின் அடியில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகள் மிஞ்சும். கத்தி பட்டதும் அவை உள்ளே இறங்குகின்றன. சாதாரணமாக உடம்பே அவற்றைச் சமாளித்துவிடும். ஆனால் 1957இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் சோதித்தபோது ஒன்று தெரிந்தது: வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பத்து லட்சக்கணக்கில் கிருமிகள் வேண்டியிருந்தன, பட்டுத் தையல் நூல் இருந்த இடத்தில் சில நூறே போதுமானதாக இருந்தது. உடம்புக்குள் வெளிப்பொருள் இருந்தால் கொஞ்சம் கிருமிகளே போதும்; செயற்கை மூட்டு பொருத்துகிறவர்கள் அஞ்சுவது இதற்காகத்தான்.

மருந்தை எப்போது போடுவது? 1961இல் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் கினிப்பன்றிகளின் தோலில் கிருமிகளைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும் முன்பே ரத்தத்தில் மருந்து இருந்தால் காயம் நன்றாக இருந்தது. மூன்று மணி நேரம் தாமதித்தால், மருந்தே கொடுக்காததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மனிதர்களிலும் இதுவே உண்மை என்று 1992இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2,847 நோயாளிகளைக் கவனித்த ஆய்வு காட்டியது. கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்கே காயத்தில் தொற்று வந்தது. ஆபரேஷன் தொடங்கி மூன்று மணி நேரம் கடந்த பிறகு பெற்றவர்களில் 3.3 சதவீதம். அதற்காக வார்டிலேயே வெகு சீக்கிரம் போட்டுவிட்டாலும் பயனில்லை. சிறுநீரில் மருந்து வெளியேறிவிடும். செஃபசோலினுக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பதே இன்றைய வழக்கம். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ ரத்தம் நிறையப் போனாலோ இன்னொரு டோஸ் போடுவார்கள்.

தையல் போட்டு முடித்ததும் இந்த மருந்தின் வேலையும் முடிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சொல்லிவிட்டது. இருந்தும் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஐந்து நாள், ஏழு நாள் மாத்திரை எழுதும் பழக்கம் நம்மிடமிருந்து போகவில்லை. அது வீண்செலவு மட்டுமல்ல. வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும். குடல்வால் வெடித்துச் சீழ் பரவிய நோயாளியின் கதை வேறு. அங்கே கொடுப்பது தடுப்பு மருந்தல்ல, சிகிச்சை. அதை டாக்டர் சொல்லும் நாள்வரை எடுத்தே ஆகவேண்டும்.