புள்ளி வைக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்!

"மருமவனே, பேச்சிப்பாறை டேமுக்குள்ள யாருலே வீடு கெட்டியிருக்கா?"

என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து மாமா கேட்ட கேள்வி இது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் எங்கள் குமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. எங்கள் கடற்கரை ஊருக்குப் புயல் பாதுகாப்புக் கட்டடம் கேட்டு ஊர் இளைஞர்கள் மனு எழுதினார்கள். "மக்கள் எங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள் என்று ஒரு படம் போட்டுத் தா" என்றார்கள். சாப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு இது பெரிய விஷயமா என்று உட்கார்ந்தேன். வழுக்கி விழுந்தேன்!

நீங்களும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படி ஒரு படம் வரையலாம். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற சாப்ட்வேரை இன்டர்நெட்டில் இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். ஆனால் நான் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்.

புள்ளிப் படம் என்றால் என்ன?

ஒரு புள்ளிக்கு இத்தனை பேர் என்று வைத்துக்கொண்டு, வரைபடத்தில் புள்ளிகளைத் தூவுவதுதான் புள்ளிப் படம். 1830-லேயே பிரான்ஸில் மக்கள் தொகைக்கு இப்படிப் படம் போட்டிருக்கிறார்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளி என்று சொன்னால் போதும். அந்த எல்லைக்குள் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்குப் புள்ளிகளைத் தூவிவிடும். கோளாறே இங்குதான்.

2011 கணக்கெடுப்பின்போது நம் மாவட்டத்தில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கே தாலுகாக்கள். நான் தாலுகா வாரியான மொத்தத்தைக் கொடுத்தேன். அன்றைய கல்குளம் தாலுகாவில் முட்டம், குளச்சல் கடற்கரையும் உண்டு. பேச்சிப்பாறை அணையும் மலைக்காடும் உண்டு. கம்ப்யூட்டருக்குக் காடும் தெரியாது, கடற்கரையும் தெரியாது. எல்லா இடத்திலும் சமமாகத் தூவிவிட்டது. நெருக்கமான கடற்கரை ஊர்கள் வெறிச்சோடின. யானை நடமாடும் காட்டில் மக்கள் குடியேறிவிட்டார்கள்! அந்தப் படத்தோடு மனு போயிருந்தால், எங்கள் கோரிக்கைக்கு எதிரான சாட்சியை நாங்களே கொண்டு போய்க் கொடுத்ததாக ஆகியிருக்கும்.

எப்படிச் சரி செய்வது?

முதலில், தாலுகா கணக்கை விட்டுவிட்டு, கிராமம், பேரூராட்சி வாரியான கணக்கை எடுங்கள். எல்லை சிறியதாக இருந்தால் தவறும் சிறியதாகும். அடுத்து, காடு, குளம், அணை ஆகியவற்றின் எல்லைகளைத் தனி லேயராக வைத்து, வெக்டர் மெனுவில் ஜியோபிராசசிங் டூல்ஸ் பகுதியில் உள்ள டிபரன்ஸ் மூலம் வெட்டி எடுத்துவிடுங்கள். மீதி நிலத்தில் மட்டும் புள்ளிகள் விழும்.

புள்ளியின் மதிப்பும் முக்கியம். 2011-ல் நம் மாவட்டத்தின் மக்கள் தொகை 18,70,374. ஒரு புள்ளிக்கு 10,000 பேர் என்றால் 187 புள்ளிகள்தான். சிறிய ஊர்கள் காணாமல் போகும். 100 பேர் என்றால் 18,703 புள்ளிகள்; ஏ4 தாளில் 1 மி.மீ. புள்ளியாகப் பிரிண்ட் செய்தால் எல்லாம் ஒட்டி மை கொட்டியது போல ஆகிவிடும். 1,000 பேர் என்று வைத்தேன், 1,870 புள்ளிகள். படம் பளிச்சென்று வந்தது.

புரொஜெக்ஷன் எதற்கு?

உருண்டையான பூமியைத் தட்டையான திரையில் விரிக்கும் கணக்குதான் புரொஜெக்ஷன். ஆரஞ்சுத் தோலைத் தரையில் வைத்து அழுத்திப் பாருங்கள். எங்காவது கிழியும், இல்லை இழுபடும். 1569-ல் வந்த மெர்கேட்டர் முறை திசையையும் வடிவத்தையும் காப்பாற்றும். ஆனால் வடக்கே போகப் போகப் பரப்பளவு பெருக்கும். அதே கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை இந்தியப் படம் போட்டால், ஸ்ரீநகரில் ஒரு சதுர கிலோமீட்டர் நம் ஊரில் இருப்பதைவிட ஏறக்குறைய 43 சதவீதம் பெரிதாகத் தெரியும். இரண்டு இடத்திலும் ஒரே நெருக்கம் இருந்தாலும், அங்கே புள்ளிகள் விலகி நிற்கும். இங்கே நெருங்கி நிற்கும். கண் ஏமாந்துவிடும்.

எனவே புள்ளிப் படத்துக்குப் பரப்பளவை மாற்றாத புரொஜெக்ஷனே வேண்டும். கியூ.ஜி.ஐ.எஸ். திரையின் வலது கீழ் மூலையில் கிளிக் செய்து, பெயரில் 'ஈக்வல் ஏரியா' என்று வரும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குமரி மாவட்டம் மட்டும் என்றால் கவலை வேண்டாம். தெற்கு முனைக்கும் வடக்கு எல்லைக்கும் மெர்கேட்டரில் வரும் வித்தியாசம் 1 சதவீதம்கூட இல்லை. எனக்குத் தவறு வந்தது புரொஜெக்ஷனால் அல்ல, தாலுகா கணக்கால்தான்.

கடைசியாக ஒன்று. புள்ளி என்பது ஒரு வீடு அல்ல. "இந்தப் புள்ளி உங்கள் வீடு" என்று யாருக்கும் காட்டாதீர்கள். "ஒரு புள்ளி = 1,000 பேர், 2011 கணக்கெடுப்பு" என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள். நாங்களும் எழுதினோம். திருத்திய படத்தை மாமாவிடம் காட்டினேன். கடலோரம் கரும்பட்டையாக நெருங்கி நின்ற புள்ளிகள் மேல் விரலை ஓட்டிவிட்டு, "இப்பம் நம்ம ஊரு தெரியுது" என்றார். பிறகுதான் மனுவோடு இணைத்தோம்.

நீங்கள் படம் போட்டாலும், அந்த ஊரை நடந்து பார்த்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கம்ப்யூட்டர் பிடிக்காத தவறை அவர் பிடித்துவிடுவார்.