ஐந்தாவது சனிக்கிழமை

கைக்கு எட்டும் கணக்கு – 7

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும். வீட்டு வாடகை மாதம் ஐந்தாம் தேதி. சிலிண்டர் ஒன்றரை மாதத்துக்கு ஒன்று, கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பால்காரருக்கு மாதக் கணக்கு, மளிகைக் கடைக்கு வாரக் கணக்கு. கணவன் மனைவி இருவரும் கம்பெனிக்குப் போகும்வரை இந்தத் தேதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது தெரிவதில்லை. ஒருவர் சம்பளம் வாடகைக்குப் போனால் மற்றவர் சம்பளத்தில் அடுப்பு எரியும். குழந்தை பிறந்து மனைவி வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு, கையிருப்பு வரும் சனிக்கிழமை வரை தாங்குமா என்ற கேள்வி புதன்கிழமையே வந்துவிடுகிறது.

சென்ற வாரம் மாதச் சம்பளக்காரர்களின் கணக்கைப் பார்த்தோம். இந்த வாரம் வாரச் சம்பளத்தில், ஒற்றை வருமானத்தில், கைக்குழந்தையோடு நடக்கும் வீடு.

கணக்குக்காக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கணவர் ஓவர்லாக் டைலர். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் கிடைத்தால் வாரம் 5,000 ரூபாய். மனைவி செக்கிங்கில் இருந்தவர், அவர் வாரம் 3,000 கொண்டுவந்தார். லைன் வீட்டுக்கு வாடகை 4,500. குழந்தை பிறந்ததும் 8,000 ஓடிய வீட்டில் 5,000 ஓடுகிறது.

“குழந்தை வந்த பிறகு செலவு தாங்கலைங்க” என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எழுதிப் பார்த்தால் வேறு உண்மை தெரியும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு சோப்பு, எண்ணெய், இரவுக்கு ஓரிரு டயப்பர் என்று வாரம் 350 ரூபாய் போதும். வீட்டை அழுத்துவது அந்த 350 அல்ல, வராமல் போன 3,000. இதைப் பார்க்கத் தவறும் வீடு, தவறான இடத்தில் மிச்சம் பிடிக்கத் தொடங்குகிறது. அநேகமாக அந்த இடம் தாயின் தட்டாக இருக்கிறது. ஆகவே முதல் வேலை, அந்த 3,000-ல் எவ்வளவைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று பார்ப்பது.

மனைவியின் கூலியில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தார்களா? மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள தொழிலாளர்களுக்கு இது உண்டு. தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் வாங்குகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பருவங்களில் சேர்த்து 70 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சராசரிக் கூலி முழுதாகக் கிடைக்கும். அந்த விடுப்பில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கம்பெனி தன் கையிலிருந்து கொடுக்கும் சலுகையல்ல இது. இ.எஸ்.ஐ. நிறுவனம் நேரே வங்கிக் கணக்கில் போடுவது. கர்ப்பம் தெரிந்ததும் ஒருநாள் வேலையை விட்டு நின்று, அப்படியே ஊருக்குப் போய்விடும் பெண்கள் இதை இழக்கிறார்கள். வேலையை விடுவது வேறு, மகப்பேறு விடுப்பில் போவது வேறு. ஏழு மாத வயிற்றோடு இருக்கும் பெண்ணுக்கு இதை யாராவது பக்கத்து மிஷினிலிருந்தாவது சொல்ல வேண்டும்.

நம் கணக்கு வீட்டில் 26 வாரத்துக்கு 3,000 வீதம் 78,000 ரூபாய். (பதிவேட்டில் கூலியைக் குறைத்துக் காட்டியிருந்தால் இதுவும் குறையும்.) அதை 26 வாரத்தில் செலவழித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் இணை உணவு தொடங்கும், குழந்தைக்குச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். அங்கன்வாடியில் இரண்டு வயதுக்குப் பிறகுதான் குழந்தையை விட முடியும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் திருத்தப்பட்ட சட்டம் சொன்னாலும், அதை நம்பி வேலைக்குத் திரும்பும் நாளைக் குறிக்க முடியாது. அதனால் 78,000-ஐ 52 வாரத்துக்குப் பிரித்து, வாரம் 1,500 என்று எடுப்பதே நல்லது. 5,000 என்பது ஓராண்டுக்கு 6,500 ஆகிறது.

கான்ட்ராக்டில் இருந்தவருக்கு இது கிடைக்காமல் போகலாம். அப்படியானால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி. அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். கர்ப்பமான 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பதிந்திருக்க வேண்டும். திருப்பூரில் வேலை, பிரசவம் தாய்வீட்டில் என்று இரண்டு ஊருக்கு நடுவே இருப்பவர்கள் இந்தப் பதிவு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவைப்படும்.

இப்போது வாரத்தின் கணக்கு. இ.எஸ்.ஐ. பணம் இல்லாத வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். 5,000-ல் நடக்க முடிந்தால் மற்றது எளிது.

வாடகை 4,500-ஐ நான்கால் வகுத்தால் 1,125. சிலிண்டரைக் குழந்தைக்கு வெந்நீர் வைக்கும் வீட்டில் ஒன்றரை மாதம் ஓட்ட முடியாது. ஐந்து வாரத்துக்கு ஒன்று என்று வைத்து, வாரம் 180. கரண்டுக்கு 100. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்ன வீட்டுக்கு இது போதும். ஏ.சி. மட்டும் வேண்டாம். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளிலும் ஒரு பகுதிக்கு விலை ஏறும். ஆக, சனிக்கிழமை இரவு சம்பளம் வந்ததும் சுமார் 1,400 ரூபாயைத் தனியே எடுத்துவிட வேண்டும். கையில் நிற்பது 3,600.

மாதத்துக்கு நாலு வாரம் என்று வகுப்பது தப்புதானே, ஆண்டுக்கு 52 வாரமாயிற்றே என்று கேட்கலாம். வேண்டுமென்றேதான் நான்கால் வகுத்தேன். ஆண்டில் நான்கு மாதங்களுக்காவது ஐந்து சனிக்கிழமை வரும். அந்த ஐந்தாவது சனிக்கிழமையை உபரி என்று நினைத்து ஜவுளிக்கோ பிரியாணிக்கோ விட்டுவிடுகிறோம். ஆனால் தீபாவளிக்குக் கம்பெனி மூடும், பொங்கலுக்கு மூடும், நடுவில் உடம்புக்கு முடியாமல் போகும், ஆர்டர் இல்லாமல் நிற்கும். ஷிப்ட் கூலியில் வேலையில்லாத வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. இவையெல்லாம் சேர்ந்து நான்கு வாரம் என்று வைத்தால், ஆண்டில் சம்பளம் வருவது 48 சனிக்கிழமை. 48-ஐ 1,125-ஆல் பெருக்கினால் 54,000. சரியாகப் பன்னிரண்டு மாத வாடகை. ஆகவே ஐந்தாவது சனிக்கிழமையும் வாடகைக்கு எடுத்து வைத்தே ஆக வேண்டும். தை மாதத்தில் வீட்டுக்காரர் முன்னால் தலை குனியாமல் நிற்க வைப்பது அந்தப் பணம்தான்.

3,600-ல் சாப்பாட்டுக்கு 2,100. இதில் குறைக்க வழி தேடுபவர்கள் கடையை மாற்றிக் குறைக்கட்டும், பண்டத்தைக் குறைக்க வேண்டாம். ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. தென்னம்பாளையம் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போனால் காயும் கீரையும் மலிவு. மிச்சமாகும் பணம் முட்டைக்கும் மீனுக்கும் நிலக்கடலைக்கும் போக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்குக் கூடுதலாக 600 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு. பணம் இறுகும்போது வீட்டில் முதலில் நிற்பது அவளுடைய முட்டை. யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. அவளே “எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க” என்று ஒதுங்கிவிடுகிறாள். கேட்டால் பத்தியம் என்று ஒரு காரணம் இருக்கும். பிறகு பால் போதவில்லை என்று டின் பால் வாங்குவார்கள். முழுக்க டின் பாலில் வளரும் குழந்தைக்கு 400 கிராம் டின் ஒரு வாரம் வராது. ஒரு நாளைக்கு இரண்டு முட்டை வாங்கும் பணத்தைவிட அது பல மடங்கு. மருத்துவர் சொல்லி டின் பால் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும், அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. தாயின் சாப்பாட்டைக் குறைத்து அந்த நிலைக்கு வந்து சேர்வதைத்தான் சொல்கிறேன். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் கணவர்களுக்குப் படித்துக் காட்டுவதென்றால் அந்த வரி இதுதான்: அவள் தட்டு கடைசி வரை குறையக் கூடாது.

குழந்தையின் 350-க்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு இரவு பகலாக டயப்பர் போட்டால் நாளைக்கு எட்டாவது ஆகும், வாரம் 500-ஐத் தாண்டிவிடும். பகலில் பழைய வேட்டித் துணி, பனியன் துணி. இரவுக்கும் பயணத்துக்கும் டயப்பர். பின்னல் துணிக்கே பேர்போன ஊரில் மெத்தென்ற பருத்தித் துணிக்குப் பஞ்சமில்லை. காதர்பேட்டையில் குழந்தைச் சட்டைகள் மற்ற ஊர்க் கடைகளைவிட எவ்வளவு மலிவு என்று இங்கே வேலை செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அளவில் நாலைந்துக்கு மேல் வாங்காதீர்கள், மூன்று மாதத்தில் பத்தாமல் போகும்.

தடுப்பூசிதான் பட்ஜெட்டை உடைக்கும் இன்னொரு இடம். தனியார் மருத்துவமனையில் ‘வலியில்லா ஊசி’ என்று கொடுப்பதற்கு ஒவ்வொரு முறையும் சில ஆயிரங்கள் ஆகலாம். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போட வேண்டிய ஐந்து நோய்களுக்கான ஊசி, ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, போலியோ எல்லாம் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசியும் 2021 முதல் நாடு முழுவதும் இலவசப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அரசு ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சலும் கால் வீக்கமும் கொஞ்சம் அதிகமாக இருக்கும், ஓரிரு நாளில் அடங்கும். பாதுகாப்பில் அது குறைந்ததல்ல. கடன் வாங்கி வலியில்லா ஊசி போடும் வீடுகளை நினைத்து வருத்தப்படுகிறேன்.

பெட்ரோல், டீ, ரீசார்ஜுக்கு 500, மருத்துவத்துக்கென்று தனியே 150. இதுவரை சொன்னதையெல்லாம் கழித்தால் 500 ரூபாய் நிற்கிறது. கம்பெனி மூடும் வாரங்களின் சாப்பாடும் ஊருக்குப் போகும் பஸ் செலவும், கடன் இருந்தால் அதன் தவணையும் இதிலிருந்துதான்.

இவ்வளவும் ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்துக்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஷிப்ட் குறைந்த கம்பெனிகள் பல. ஒரு ஷிப்ட் மட்டும் என்றால் 5,000 என்பது 3,300 ஆகிவிடும், 1,700 குறையும். அந்த வாரத்துக்கு வேறொரு பட்டியல் இப்போதே எழுதி வைத்திருக்க வேண்டும், பணம் குறைந்த இரவில் உட்கார்ந்து எழுதினால் சண்டைதான் வரும். குறையும் 1,700-க்கு நான் கைகாட்டும் இடம் தீபாவளி போனஸ். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். 10,000 வந்தால் இப்படிப்பட்ட கிட்டத்தட்ட ஆறு வாரத்தைக் கடத்தலாம். ஆனால் குழந்தை பிறந்த ஆண்டில் அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கும்: மொட்டை, காதுகுத்து, கெடா விருந்து. குலதெய்வத்துக்கு முடி கொடுப்பதைச் செலவில்லாமல் செய்துவிட்டு, விருந்தை மனைவி வேலைக்குத் திரும்பும்வரை தள்ளிப்போடலாம். பெரியவர்களிடம் இதைக் கணவர்தான் பேச வேண்டும். மருமகள் பேசினால் அது வேறு பேச்சாகிவிடும்.

வாரப் பணம் யார் கையில் இருப்பது? என் பதில், மனைவியின் கணக்கில். சனிக்கிழமை இரவே 1,400-ம் சாப்பாட்டுப் பணமும் குழந்தைப் பணமும் மருத்துவப் பணமும் சேர்த்து 4,000 ரூபாய் அவர் கணக்குக்குப் போய்விடட்டும். செல்போனில் பணம் அனுப்பும் வசதி வந்த பிறகு இது ஒரு நிமிட வேலை. வாரம் 3,000 சம்பாதித்த பெண், குழந்தைக்குக் கிரைப் வாட்டர் வாங்கப் பணம் கேட்டு நிற்பது அவரை எவ்வளவு சிறுமைப்படுத்தும் என்பதைப் பல கணவர்கள் யோசிப்பதே இல்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிற வீட்டில் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது அவருடையது.

வாரப் பணம் போதாமல், சில தாய்மார்கள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பீஸுக்கு இத்தனை பைசா என்று பிசிறு வெட்டும் வேலை எடுக்கிறார்கள். முதல் ஆறு மாதத்துக்கு அதைச் செய்யாதிருக்க முடிந்தால் நல்லது. வருகிற காசு சொற்பம், நூல் தூசி குழந்தையின் மூக்கில் போகும், பகலில் தாய் தூங்கக் கிடைக்கும் ஒரு மணி நேரமும் போய்விடும்.

கடைசியாகக் கடன். வாரம் நிற்கும் 500 ரூபாய்க்குள் குழுக் கடன் தவணையும் அடங்கினால் இந்த வீடு ஓராண்டைத் தாண்டிவிடும். தவணை மட்டுமே 700 என்றால் கூடுதல் 200 சாப்பாட்டிலிருந்துதான் போகும். வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் அளவுக்குச் சிறுகடன் கொடுக்கக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. இரண்டு வருமானம் இருந்தபோது வாங்கிய கடன், ஒன்று நின்ற பிறகு அந்தப் பாதியைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது, யாரிடம் எப்படிப் பேசுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம். கடன் அட்டைகளையும் தவணை ரசீதுகளையும் எடுத்து வையுங்கள்.

(தொடரும்)