உங்களுக்குத் தெரியுமா? படி தாண்டினால் வேறு முகவரி!

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி. உள்ளே இருக்கும் கணினிக்கு ‘ஸ்டோர்.லோக்கல்’ என்று பெயர் என வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரோடு சிதம்பரத்து வாடிக்கையாளருக்கு மெயில் போனால், ‘இப்படியொரு டொமைனே இல்லை’ என்று பல சர்வர்கள் திருப்பிவிடும். பின்கோடு போடாமல் ‘மாடி ரூம்’ என்று மட்டும் அனுப்புநர் முகவரி எழுதிய கடிதத்துக்குப் பதில் வருமா?

இதற்காகவே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில், 2.2 பதிப்பு முதல், ‘ஜெனரிக்’ அட்டவணை உண்டு. இடப்பக்கம் உள்முகவரி, வலப்பக்கம் இணையத்தில் செல்லுபடியாகும் முகவரி. மெயில் வெளியே கிளம்பும்போது உறையிலும் தலைப்பு வரிகளிலும் முகவரி மாறிவிடும். அதே சர்வரின் பெட்டிக்குள் விழும் மெயிலில் பழைய பெயரேதான். அட்டவணையைத் திருத்திவிட்டு, அதைத் தொகுக்கும் ‘போஸ்ட்மேப்’ கட்டளையை மறப்பவர்கள் உண்டு. ஹாஷ் வகைக் கோப்பென்றால், அந்தக் கட்டளை இல்லாமல் திருத்தம் ஏறவே ஏறாது.